எட்டுக் கம்பிகளில் ஒன்று
வீட்டுக்குள்ளேயே ஃபைல் நகர மறுக்கிறதா? புது ரவுட்டருக்குப் பணம் கட்டும் முன் திரையில் ஓடும் எண்ணைப் பாருங்கள்.

புனேயின் தெற்கு ஓரத்தில் குர்த், புத்ருக் என்று இரண்டு கிராமங்களாக இருந்த கோந்த்வா, இன்று அடுக்குமாடிகளின் காடு. 2020ல் ஊரடங்கு வந்து ஆபீஸ் வீட்டுக்குள் குடியேறிய பிறகு, இதுபோன்ற புறநகர் ஃபிளாட்களில் கூடம் ஒரு குட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சாகவே மாறிவிட்டது.

அப்படி ஒரு ஃபிளாட்டை எடுத்துக்கொள்ளலாம். கூடத்தில் ரவுட்டர். படுக்கையறையில் கம்ப்யூட்டர். டி.வி.க்குப் பின்னால் ஒரு பெட்டி. உள்ளே ஹார்ட் டிஸ்க். குடும்பத்தின் ஃபோட்டோ எல்லாம் அதில்தான் போய்ச் சேர வேண்டும். எல்லாமே 'ஜிகாபிட்' என்று அட்டைப்பெட்டிகள் சத்தியம் செய்கின்றன. ஆனால் 300 ஜிகாபைட் கல்யாண வீடியோவை அனுப்பினால், ஏழு மணி நேரத்துக்கு மேலாகும் என்கிறது திரை. முக்கால் மணியில் முடிய வேண்டிய வேலை அது.

போவது நேரம் மட்டுமல்ல. ஏழு மணி நேரம் பிடிக்கும் வேலையை யாரும் வாரா வாரம் செய்யமாட்டார்கள். அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று தள்ளிப் போகும். நடுவில் ஒரு நாள் கம்ப்யூட்டரின் டிஸ்க் உயிரை விடும். கல்யாணத்தை இன்னொரு முறை நடத்தி வீடியோ எடுக்க முடியாது.

இந்த நிலையில் பலர் செய்யும் காரியம், இன்டர்நெட் கம்பெனிக்கு ஃபோன் போட்டு 100 மெகாபிட் திட்டத்தை 300 ஆக்குவது. கம்பெனிக்குச் சந்தோஷம், வீட்டில் மாற்றமில்லை. கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் போகும் ஃபைல் வாசற்படியே தாண்டுவதில்லை. மாதச் சந்தா எவ்வளவானாலும் அதற்குக் கவலையில்லை.

பார்க்க வேண்டியது, நகலெடுக்கும்போது திரையில் தெரியும் எண். அதற்கு முன் ஒரு கணக்கு. கேபிளின் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள். திரை காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 1000 மெகாபிட் என்பது விநாடிக்கு 125 மெகாபைட். விலாசம் எழுதும் செலவெல்லாம் போக, கைக்கு வருவது 110லிருந்து 118. 100 மெகாபிட்டுக்கு அதே கணக்கில் 11 அல்லது 12.

ஒரே பெரிய ஃபைலை அனுப்பும்போது எண் 11லேயே அசையாமல் நின்றால், நோய் ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. எங்கோ ஒரு இணைப்பு 1000லிருந்து 100க்கு இறங்கியிருக்கிறது. கம்ப்யூட்டர், ரவுட்டர், டிஸ்க் பெட்டி எதுவும் கெட்டுப் போகாமலே இது நடக்கும். காரணம் கேபிளுக்குள் இருக்கிறது.

நெட்வொர்க் கேபிளில் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடி. 1995ல் வந்த 100 மெகாபிட் முறைக்கு இரண்டு ஜோடி போதும். ஆரஞ்சும் பச்சையும் வேலை செய்ய, நீலமும் பழுப்பும் சும்மா கிடக்கும். 1999ல் தரப்படுத்தப்பட்ட ஜிகாபிட் முறை நான்கையும் வேலைக்கு இழுத்தது. ஜோடிக்கு 250 மெகாபிட் வீதம், இரண்டு திசையிலும் ஒரே நேரத்தில். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி பிளக்குக்குள் சரியாகக் கடிபடாவிட்டால், பெரும்பாலான கருவிகள் புகார் சொல்லாமல் 100க்கு இறங்கிக் கொள்கின்றன. இணைப்பு அறுந்திருந்தால் அன்றே ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். மெதுவாகவாவது ஓடுவதால் பழுது வருஷக்கணக்கில் ஒளிந்திருக்கிறது.

சுவருக்குள் கேபிள் இழுத்தவர் சிக்கனக்காரராகவும் இருந்திருக்கலாம். கண்காணிப்பு கேமராவுக்கு 100 மெகாபிட் தாராளம். எனவே நான்கு கம்பியை மட்டும் பிளக்கில் ஏற்றிவிட்டு, மீதியை நறுக்கிவிடும் பழக்கம் அந்தத் தொழிலில் உண்டு. கேமராவுக்கு அது பாதகமில்லை. அதே கை படுக்கையறைக்கும் கேபிள் போட்டிருந்தால் வந்தது வினை.

கேபிளே போலியாகவும் இருக்கலாம். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசி 'கேட் 6' என்று அச்சடித்த சுருள்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அலுமினியம் செம்பைவிட மோசமான மின்கடத்தி, வளைத்தால் சீக்கிரம் ஒடியும். கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

இணைப்பு மெதுவானால் கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமாக இருந்தும் பயனில்லை என்பது புனேக்குப் புதிதல்ல. இங்கே 1988ல் தொடங்கிய சி-டாக் நிறுவனம் 'பரம்' சூப்பர் கம்ப்யூட்டர்களைக் கட்டியபோது, பல கம்ப்யூட்டர்களைக் கோத்து ஒன்றாக ஓட்ட வேண்டியிருந்தது. கோக்கும் இழைக்கென்றே தனியாக 'பரம்நெட்' என்ற இணைப்பை உருவாக்கினார்கள்.

எண் 11 இல்லாவிட்டால் கதை வேறு. 35, 40ல் நின்றால் யு.எஸ்.பி. 2 சந்தேகத்துக்குரியது: பழைய துவாரத்தில் செருகிய டிஸ்க், அல்லது லேப்டாப்பில் மாட்டிய மலிவு அடாப்டர். எண் ஏறி இறங்கித் தள்ளாடினால், கேபிள் செருகியிருந்தும் லேப்டாப் வைஃபை வழியாகவே அனுப்பிக் கொண்டிருக்கலாம். வைஃபையை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். முதலில் 110ல் பாய்ந்து, பிறகு விழுந்தால் டிஸ்க்குக்கு மூச்சு வாங்குகிறது. ஆயிரக்கணக்கான குட்டி ஃபோட்டோக்களை அனுப்பினால் எந்த நெட்வொர்க்கும் நொண்டும். ஒவ்வொன்றுக்கும் திறப்பது, மூடுவது என்று தனிச் சடங்கு. 'ஜம்போ ஃபிரேம்' என்ற அமைப்பை மாற்றச் சொல்வோரும் உண்டு. லாபம் சில சதவீதம். நடுவில் ஒரு கருவி ஒத்துக்கொள்ளாவிட்டால் இருந்த வேகமும் போகும். தொடாமல் விடுவது நல்லது.

குற்றவாளி டிஸ்க்கா, கேபிளா என்று பிரித்தறிய 'ஐபெர்ஃப் 3' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டரில் ஏற்றி ஓட்டினால், டிஸ்க்கைத் தொடாமல் கம்பியை மட்டும் அளக்கும். 940 மெகாபிட் காட்டினால் கம்பி நிரபராதி. 94 காட்டினால் பிளக்கைக் கழற்ற வேண்டியதுதான். அதற்கு முன், ரவுட்டரில் எந்தத் துவாரம் என்றும் பாருங்கள். இன்டர்நெட் கம்பெனிகள் தரும் பெட்டிகள் சிலவற்றில் சில துவாரங்கள்தான் ஜிகாபிட், மற்றவை 100. அங்கே மருந்து, கேபிளை இடம் மாற்றிச் செருகுவதுதான்.

கடையில் இயந்திரம் போட்டு முனைகட்டிய நல்ல கேபிள் ஒன்றைத் தரை வழியாக இழுத்து, தற்காலிகமாக இணைத்துப் பார்க்கலாம். எண் 110க்குத் தாவினால் பழுது சுவருக்குள். அப்போதும் சுவரை இடிக்க வேண்டியதில்லை. இரண்டு முனைகளிலும் பிளக்கை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுவது சில நிமிட வேலை. வாடகை வீடானாலும் சொந்தக்காரர் ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. கம்பியே ஒடிந்திருந்தால், பழைய கேபிளின் வாலில் புதியதைக் கட்டி பைப் வழியாக இழுத்துவிடலாம். வளைவுகளில் சிக்காத வரை.

வேலை முடிந்ததும் வருபவர் எட்டு விளக்குள்ள சோதனைப் பெட்டியைச் செருகிக் காட்டுவார். எட்டும் வரிசையாக எரியும். கம்பிகள் ஜோடி மாறி முறுக்கப்பட்டிருந்தாலும் எட்டும் எரியும் என்பதால், அவருக்குக் காசு கொடுக்கும் முன் ஒரு பெரிய ஃபைலை அனுப்பிப் பார்ப்பது உத்தமம். அவரும் ஒரு டீ குடிக்க நேரம் கிடைக்கும்.