ஏன் அந்தக் குதிரை அங்கே போச்சு?



குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டால் எங்கள் தென்காசி வீடுகளுக்கு இரண்டு விருந்தாளிகள் வருவார்கள். ஒன்று சாரல், இன்னொன்று சொந்தபந்தம். சாரல் சொல்லாமல் வந்து சொல்லாமல் போய்விடும். சொந்தபந்தம் சொல்லிவிட்டு வரும், ஆனால் எப்போது போகும் என்பதை மட்டும் சொல்லாது!

மலையில் மழை கொட்டி, மெயின் அருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். உச்சந்தலையில் எண்ணெய் தேய்த்துக் கிளம்பிய ஆம்பிளைகள் எல்லாம் அப்படியே எண்ணெய் வழிய வீட்டுக்குத் திரும்பி வருவார்கள். வந்ததும் என்ன செய்வார்கள்? திண்ணையில் செஸ் போர்டை விரிப்பார்கள். எனக்கு அடுப்பில் பஜ்ஜி எண்ணெய், அவர்களுக்குத் தலையில் நல்லெண்ணெய். ஆட்டம் ஆரம்பம்!

"நம்ம பக்கத்திலே போய் செஸ்ஸா?" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். 2022-ல் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, வேட்டி சட்டை கட்டிய 'தம்பி' குதிரை ஊர் ஊராகப் போஸ்டரில் நின்றதே, நினைவிருக்கிறதா? அதன் பிறகு குழந்தைகள் இருக்கிற பல வீடுகளில் ஒரு செஸ் போர்டு இருக்கிறது. போர்டு இருந்தால் ஆட்டம் இருக்கும். ஆட்டம் இருந்தால் 'இந்த மனுஷன் ஏன் இதைப் போய் இங்கே வச்சார்?' என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் மூவும் இருக்கும். எங்கள் திண்ணையில் பார்த்த சிலவற்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ராணியம்மா தனியாகக் கிளம்பிய கதை

சென்னையிலிருந்து வரும் நாத்தனார் வீட்டு அண்ணனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வித்தை. நாலே மூவில் ஆட்டத்தை முடிப்பது! ராணியையும் ஒரு மந்திரியையும் வெளியே கொண்டுவந்து, எதிராளி ராஜாவின் பக்கத்துச் சிப்பாயைக் குறிவைத்து, "செக்மேட்!" எதிரே இருப்பவருக்கு விவரம் தெரியாவிட்டால் பலிக்கும். தெரிந்துவிட்டால் வந்தது வினை. ஒரு குதிரை வந்து ராணியை விரட்டும், ஒரு சிப்பாய் வந்து விரட்டும். ராணியம்மா சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு போர்டு முழுக்க ஓடுவார். அதற்குள் எதிராளியின் படை எல்லாம் வெளியே வந்து நின்றுவிடும். நம் படையோ வீட்டை விட்டு இறங்கியிருக்காது.

ஒரு சேதி தெரியுமோ? அந்தக் காலத்து ஆட்டத்தில் ராஜா பக்கத்தில் நின்றது ராணியே இல்லை, ஓர் ஆலோசகர். அவரும் குறுக்கே ஒரு கட்டம்தான் நகருவார். 15-ம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஐரோப்பாவில் அந்த இடத்து ராணிக்கு இத்தனை பலம் கொடுத்தார்கள். இன்றைக்கு சிப்பாய் 1 என்றால் குதிரையும் மந்திரியும் 3, யானை 5, ராணி 9 என்று மதிப்பு போடுகிறார்கள். ஒன்பது பவுன் நகையைப் போட்டுக்கொண்டு யாராவது தனியாக அருவிக்குப் போவார்களா?

ஓரச் சிப்பாய்

பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு வேறு பழக்கம். என்ன செய்வது என்று தெரியாவிட்டால் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளிவிடுவார். முதல் மூவுக்கே வெள்ளைக்கு 20 வழி இருக்கிறது. சிப்பாய்க்கு 16, குதிரைக்கு 4. அந்த இருபதில் இவர் கண்ணில் படுவது ஓரம் மட்டும்தான். "ஏன் அண்ணாச்சி?" என்று கேட்டால், "யாருக்கும் தொந்தரவு இல்லாம ஒரு மூவ் வச்சேன்" என்பார். உண்மைதான், எதிராளிக்கு ஒரு தொந்தரவும் இல்லை! அவர் நடுக்கட்டங்களில் பாய் விரித்துப் படுத்துவிடுவார்.

செக்! செக்! செக்!

எங்க வீட்டுக்காரருக்கு 'செக்' சொல்லாவிட்டால் நாக்கு அரிக்கும். செக் சொன்னால் எதிராளி சும்மா இருக்க முடியாதே, ராஜாவைக் காப்பாற்றித்தானே ஆகவேண்டும்? இவர் செக் சொல்லச் சொல்ல, ஆபத்தில் நின்ற ராஜா ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து கடைசியில் பத்திரமான மூலைக்குப் போய் உட்கார்ந்துவிடும். எதிரி ராஜாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் கட்டிலில் படுக்க வைத்த மாதிரி!

பந்தி போட்டும் சாப்பாடு இல்லை

என் மகன் காலேஜில் படிக்கிறான். அவனிடம் இரண்டு ராணி, ஒரு யானை. எதிரே ஒற்றை ராஜா. ஜெயித்தமாதிரிதான். ஆனால் எல்லாப் பக்கமும் அடைத்து அடைத்து, அந்த ராஜா நகர ஒரு கட்டம்கூட இல்லாமல் செய்துவிட்டான். செக்கும் இல்லை, நகர வழியும் இல்லை. அதற்கு 'ஸ்டேல்மேட்' என்று பெயர். வெற்றி தோல்வி இல்லாமல் ஆட்டம் சமமாகிவிடும். கல்யாணத்துக்கு ஆயிரம் பேரைக் கூப்பிட்டு, சமைத்து முடித்து, மண்டபத்துச் சாவியைத் தொலைத்தமாதிரி.

இதெல்லாம் போதாதென்று, வைத்த காயைத் திரும்ப எடுக்கிற வழக்கு வேறு. "கையை எடுக்கலியே!" என்று ஒரு விரலைக் காயின் தலையிலேயே வைத்துக்கொண்டு கால் மணி நேரம் யோசிப்பார்கள். போட்டிகளில் இது நடக்காது. நகர்த்த நினைத்து ஒரு காயைத் தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும். காயை நேராக்குவதாக இருந்தால் தொடும் முன்பே சொல்லிவிட வேண்டும். எங்கள் திண்ணைக்கு அந்தச் சட்டம் இன்னும் வந்து சேரவில்லை!

பெரிய இடத்திலும் உண்டு

"இவங்க எல்லாம் விளையாட்டுக்கு ஆடறவங்கதானே" என்கிறீர்களா? ஓரச் சிப்பாய் ஆசை அமெரிக்காவின் பாபி ஃபிஷரையே விடவில்லை. 1972-ல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில், உலகப் பட்டத்துக்கான முதல் ஆட்டத்திலேயே, ஓரத்துச் சிப்பாயை வெட்டப் போய்த் தன் மந்திரியைச் சிக்க வைத்துத் தோற்றார். பிறகு சுதாரித்து ஸ்பாஸ்கியிடமிருந்து பட்டத்தை வாங்கிவிட்டார், அது வேறு கதை.

2006-ல் ஜெர்மனியின் பான் நகரில் அப்போதைய உலக சாம்பியன் கிராம்னிக், 'டீப் ஃப்ரிட்ஸ்' என்ற கம்ப்யூட்டரோடு ஆடினார். ஒரே மூவில் செக்மேட் காத்திருப்பது தெரியாமல் ராணியை வேறெங்கோ வைத்துவிட்டார். கம்ப்யூட்டரின் குதிரை ஒன்று அவர் பக்கத்துக் கடைசி வரிசையிலேயே நின்று காவல் காக்க, அதன் ராணி நேராக வந்து கதையை முடித்துவிட்டது.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டத்தின் 14-வது ஆட்டம், கடைசி ஆட்டமும் அதுதான். சமமாகப் போய்க்கொண்டிருந்தபோது சீனாவின் டிங் லிரென் ஒரு யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். 18 வயது சென்னைப் பையன் குகேஷ் உலக சாம்பியன் ஆனது அந்த ஆட்டத்தில்தான். இதே குகேஷ் 2022 மாமல்லபுரத்தில் உஸ்பெகிஸ்தான் வீரரிடம் ஜெயிக்க வாய்ப்பிருந்த ஆட்டத்தைக் கோட்டை விட்டவர்தான்! பையனுக்கு அப்போது பதினாறு வயது.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது இதுதான். யாரும் வேண்டுமென்று தப்பாக வைப்பதில்லை. அந்த நேரத்தில் அவர்கள் மனசிலோ கண்ணிலோ ஒன்று தெரிகிறது, அதை நம்பி வைக்கிறார்கள். வேடிக்கை பார்க்கிற நமக்கு அது தெரிவதில்லை, அதனால் சிரிக்கிறோம்.

மாமாவின் குதிரை

எங்க மாமாவுக்கு, அதாவது மாமனாருக்கு, எழுபத்தாறு வயது. ஒரு காலத்தில் எங்கள் தெருவில் அவரை ஜெயிக்க ஆள் கிடையாது. போன சீசனில் அவர் ஆட்டம் திடீரென்று கோணலாகப் போனது. நன்றாக ஆடிக்கொண்டே வருவார், ராணியைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். யானையை வெட்டுப்படும் இடத்தில் வைப்பார். "மாமாவுக்கு வயசாயிட்டு" என்றார் அண்ணாச்சி. "மறதி வந்துட்டு போல" என்று ஒருவர். திண்ணையில் ஒரே சிரிப்பு. மாமாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

ஒருநாள் நாத்தனார் மகளோடு ஆட உட்கார்ந்தார். ஒன்பது வயசுப் பிள்ளை, சென்னையில் செஸ் வகுப்புக்குப் போகிறாள். மாமா குதிரையை எடுத்து, அவள் மந்திரி வெட்டுகிற வழியில் கொண்டு வைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, வெட்டவும் இல்லை.

"தாத்தா, ஏன் குதிரையை அங்கே வச்சீங்க?"

"அது சிப்பாய்தானட்டி? அவ்வளவு தூரம் வந்து வெட்டாதே!"

"தாத்தா, அது மந்திரி!"

மாமா அந்தக் காயை வாங்கி, விரலால் அதன் தலையைத் தடவிப் பார்த்தார். மேலே இருக்கும் பிளவு விரலில் பட்டது. ஒன்றும் பேசாமல் கீழே வைத்தார். திண்ணையில் சிரிப்பு நின்றுபோனது.

பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பேப்பரில் தலைப்பை மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்தது. சாயங்காலமானால் கடைப்பக்கம் போகாதது. எதிரே வண்டி வெளிச்சம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. "சீசன் நேரம், வீடு நிறைய ஆளு. இதை வேற சொல்லணுமா?" என்றார். மறதியும் இல்லை, மண்ணும் இல்லை. இரண்டு கண்ணிலும் புரை!

திருநெல்வேலியில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப்போவதுதான் புரை, அதைச் சொட்டு மருந்தோ கண்ணாடியோ போக்காது, ஆபரேஷன் செய்து புது லென்ஸ் வைத்தால் சரியாகும் என்று டாக்டர் விளக்கினார். முதலில் ஒரு கண், சில வாரம் கழித்து இன்னொன்று. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த மாமா சுவரைப் பார்த்துவிட்டு, "எப்பம்மா வெள்ளை அடிச்சிய?" என்று கேட்டார். யாரும் அடிக்கவில்லை!

இப்போது சென்னை அண்ணன் ராணியை வெளியே எடுத்தால், ஏழாவது மூவுக்குள் அது மாமா கையில் இருக்கிறது.

நமக்குச் சில குறிப்புகள்

போர்டை வைக்கும்போது ஒவ்வொருவருக்கும் வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம் வரவேண்டும். வெள்ளை ராணி வெள்ளைக் கட்டத்திலும் கருப்பு ராணி கருப்புக் கட்டத்திலும் நிற்கும். மழை இருட்டில் ஆட விடாதீர்கள், விளக்கைப் போடுங்கள்.

பிள்ளை காயைத் தொடுவதற்கு முன் கையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கேள்வி கேட்கப் பழக்குங்கள். 'அவங்க ஏன் அதை அங்கே வச்சாங்க?' 'என் காயில் எது காவல் இல்லாமல் நிற்குது?' எங்கள் திண்ணைக் கூத்தில் பாதி இந்த இரண்டு கேள்வியிலேயே அடங்கிவிடும்.

கோணலாக ஒரு மூவ் வைத்தால் நாலு பேர் முன்னால் "முட்டாள்" என்று சொல்லிவிடாதீர்கள். "எதை நினைச்சு வச்சே கண்ணு?" என்று கேளுங்கள். விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் செஸ் சொல்லிக்கொடுத்தது அவர் அம்மா சுசீலாதான். மணிலாவில் இருந்தபோது, பையன் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் டி.வி.யில் வரும் செஸ் புதிரை அந்த அம்மா எழுதி வைத்துக்கொள்வாராம். சாயங்காலம் இருவரும் சேர்ந்து விடை தேடுவார்களாம். அந்தப் பையன்தான் 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்று சாயங்காலம் பேப்பரைக் கொடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பொடி எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண். தடுமாறினால் டாக்டரிடம் காட்டத் தாமதம் வேண்டாம். "எனக்கு ஒண்ணுமில்லே" என்று அவர்கள் சிரித்தால், நீங்களும் கூடச் சிரித்துக்கொண்டே அழைத்துப் போய்விடுங்கள்!