உள்ளூரில் விலைபோகாத கார்!

பெங்களூரில் பிறந்து, லண்டனில் வரவேற்புப் பெற்ற ஒரு காரின் கதையில் நமது ஆட்சியாளர்களுக்குப் பாடம் இருக்கிறது.

மைனி குழுமமும் அமெரிக்காவின் அமெரிகான் நிறுவனமும் 1994-ல் இணைந்து தொடங்கிய முயற்சியின் பலனாக, 2001-ல் பெங்களூரில் "ரேவா' மின்சாரக் கார் விற்பனைக்கு வந்தது. அதன் நீளம் சுமார் 2.6 மீட்டர் மட்டுமே. 2005-ல் அதே நிறுவனம், திலீப் சாப்ரியாவின் வடிவமைப்பில் இருவர் அமரும் "என்எக்ஸ்ஜி' என்கிற மாதிரிக் காரை அறிமுகப்படுத்தியது. நாளைய நகரப் பயணத்துக்கென உருவான அந்தக் கார், விற்பனைக்கு வரவேயில்லை.

லண்டன் மாநகரம், நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்கு 2003-ல் நெரிசல் கட்டணம் விதித்தது. மின்சாரக் கார்களுக்கு அப்போது விலக்கு அளிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே "ஜி-விஸ்' என்ற பெயரில் ரேவா அங்கே ஓடத் தொடங்கியது. பிறந்த மண்ணிலோ அதைச் சீந்துவாரில்லை. 2010-ல் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகள் மஹிந்திரா வசமாயின. 2013-ல் வந்த அதன் வாரிசான "இ2ஓ'வும் நிலைக்கவில்லை.

ரேவாவிடம் குறைகளே இல்லை என்பதல்ல. 2007-ல் பிரிட்டனில் நடந்த மோதல் சோதனை, அதன் பாதுகாப்பைக் கேள்விக்குள்ளாக்கியது. ஆனால், சிறிய காரை வாங்குவதால் கிடைக்கும் ஆதாயம் என்ன என்ற கேள்விக்கு லண்டனிடம் இருந்த பதில், நம்மிடம் இல்லை என்பதுதான் அடிப்படைப் பிரச்னை.

2019 முதல் மின்சாரக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 2025 செப்டம்பரில் செய்யப்பட்ட மாற்றத்தின்படி சிறிய பெட்ரோல் கார்களுக்கு 18 சதவீதம். பெரிய கார்களுக்கு 40 சதவீதம். மின்சாரக் கார் என்றால் மட்டும் சிறியதோ பெரியதோ, ஒரே வரிதான். நான்கரை மீட்டருக்கும் அதிக நீளமுள்ள சொகுசுக் காருக்கும் அதே சலுகை. புகை குறையும், சரி. நெரிசல் குறையுமா? ஒரு கோடிக்கும் அதிகமான வாகனங்கள் பதிவாகியுள்ள பெங்களூரில், காற்றைப் போலவே சாலையின் ஒவ்வோர் அடியும் அருமையானதல்லவா?

ஜப்பானில் 3.4 மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட "கெய்' ரகக் கார்களுக்கு வரிச்சலுகை உண்டு. அதுபோல, மின்சாரக் கார்களுக்கும் அளவைப் பொருத்து வரி நிர்ணயிக்க ஜி.எஸ்.டி. கவுன்சில் முன்வர வேண்டும். சாலை வரியையும் வாகன நிறுத்தக் கட்டணத்தையும் அவ்வாறே மாற்றியமைப்பது மாநில அரசுகளின் கடமை. அந்த வருவாய் பேருந்துகளுக்கும் நடைபாதைகளுக்கும் செலவிடப்பட வேண்டும். ஏனெனில், சிறிய காரும் பேருந்துக்கு மாற்றாகாது.

சாலை பொதுச் சொத்து. அதில் கூடுதல் இடத்தை அடைப்பவர் கூடுதலாகச் செலுத்துவதுதான் நியாயம்!