சொல் நின்றது, சோலை எங்கே?

தோட்டக்கலையின் வரலாற்றை எழுதப் புகுவோர், அரசர்தம் இன்பக் காவிலோ ஐரோப்பியர் அமைத்த பூங்காவிலோதான் பெரும்பாலும் தொடங்குவர். தமிழகத்தைப் பற்றியதாயின், 1848-இல் மக்கைவர் சமைக்கத் தொடங்கிய உதகை நிலைத்திணைப் பூங்காவைச் சுட்டி அமைவர். அப்பூங்கா சிறப்புடையதே. ஆயினும், அதனையே தொடக்கமாகக் கொள்வது தன் வீட்டு முற்றத்தை மறந்தவன் கூற்றாம்.

நிலத்திற்கே பூவின் பெயரிட்ட இனம் தமிழினம். வெட்சி, வஞ்சி, நொச்சி, தும்பை, வாகை எனப் போர்நிலைகளையும் அது பூவினாலேயே வகுத்தது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை நிரல்பட அடுக்கினார். நற்றிணைத் தோழியொருத்தி காட்டும் புன்னையோ, மகளிர் விளையாட்டாய் மணலில் புதைத்த வித்தினின்று முளைத்தது. அதனை அவர்தம் உடன்பிறப்பென்றே தாய் சொல்லி வளர்த்தாள். அதன் நிழலில் காதலனோடு நகையாட நாணுகின்றனர் அப்பெண்டிர்.

இவ்வுணர்வின் ஆழத்தைச் சொற்களினின்று அகழ்ந்து காட்டியவர் மொழிஞாயிறு பாவாணர் (1902–1981). பெற்றோரை இழந்த இளமையில் அவர் தம் அக்கையின் அரவணைப்பில் வளர்ந்து பயின்ற ஊர், மாதனூர்க்கு அண்மையிலுள்ள ஆம்பூர். நெல்லுக்குத் தாள், கரும்புக்குத் தோகை, தென்னைக்கு ஓலை, வேம்புக்கு இலை. மாவின் பிஞ்சு வடு, பலாவின் பிஞ்சு மூசு, வாழையின் பிஞ்சு கச்சல், தென்னையின் பிஞ்சு குரும்பை. இத்துணை நுண்பிரிவுகளை ஆக்கியவர் அரசரல்லர். நாடோறும் நீர் இறைத்து, களை பறித்து, பிஞ்சின் முகம் பார்த்து நின்ற உழவரும் உழத்தியருமே. தமிழரின் தோட்ட வரலாற்றை எழுதியவர் அவர். எழுதிய ஏடு தமிழ்மொழி.

இனி, மாதனூரைச் சுற்றியுள்ள பாலாற்றங்கரையைக் காண்க. கபிலர் அடுக்கிய 99 பூக்களுள் ஆவிரையும் ஒன்று. மடலேறத் துணிந்த காதலன் சூடிய பூவும் அதுவே. அவ்வாவிரையின் பட்டையும் கடுக்காயுமே நெடுங்காலம் தோல் பதனிடப் பயன்பட்டன. செடியும் தொழிலும் ஒன்றையொன்று சார்ந்து நின்ற காலம் அது. பட்டைப் பதனீட்டிலும் கழிவு இருந்தது. ஆயினும் குரோமிய உப்பு அதில் இல்லை.

1972-இல் சீதாராமையா குழு அறிக்கை தந்தபின், அரைகுறையாய்ப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை நடுவணரசு கட்டுப்படுத்தி, முற்றப் பதனிட்ட தோலை ஊக்கிற்று. குரோமியப் பதனீடு பெருகிற்று. அயல்நாட்டுச் செலாவணி தில்லிக்குச் சேர்ந்தது. உப்பும் குரோமியமும் பாலாற்றுப் படுகையிற் சேர்ந்தன. உப்பேறிய நீர் பாய்ந்த மண் இறுகும். வேர் நீரை உறிஞ்சமாட்டாது திணறும். தோல்பதனீட்டுப் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முற்றாகவோ ஓரளவோ பயிர்க்குத் தகுதியிழந்தது என்னும் ஆய்வுக் கணக்கை, 28.8.1996-இல் வழங்கிய தீர்ப்பில் உச்ச நயன்மன்றமே எடுத்துரைத்தது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 உருபா தண்டமும் இட்டது. 28 ஆண்டுகள் கழிந்து, 30.1.2025-இல், எஞ்சிய இழப்பீட்டை வழங்குமாறு அதே மன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. தீர்ப்பு முதிர்ந்தது, தோட்டம் துளிர்க்கவில்லை.

ஆலைகளை இழுத்து மூடுக என்பதன்று இதன் முடிபு. அவற்றை நம்பி அடுப்பெரிக்கும் குடும்பங்கள் பல; தோலோடு தோலாய்த் தேயும் தொழிலாளியும் தமிழனே. அவன் குடிக்கும் நீரும் அதே நிலத்தடி நீர்தான். ஆகவே, உழவனையும் தொழிலாளியையும் எதிரெதிர் நிறுத்துவது, கெடுத்தவன் தப்புதற்குச் செய்யும் சூழ்ச்சியே. கெடுத்தவன் கைப்பொருளால் மண்ணும் நீரும் திருத்தப்படல் வேண்டும். அதுவே நயன்மை.

அரசின் கடமை அது. ஊராரின் கடமையும் ஒன்றுண்டு. மாதனூர் ஒன்றியத்துப் பள்ளிதோறும் ஆவிரையும் நொச்சியும் புன்னையும் புங்கும் நடப்படுக. ஒவ்வொன்றின் அடியிலும் அதன் தூய தமிழ்ப்பெயர் பொறிக்கப்படுக. எந்தக் கொல்லையில் எம்மரம் நின்றது, எக்கிணறு எவ்வாண்டு உவர்த்தது என்பதை முதியோர் வாய்மொழியாய்க் கேட்டு மாணவர் எழுதிவைக்க. அந்த ஏடே பாலாற்றங்கரையின் மெய்யான தோட்ட வரலாறாகும். நயன்மன்றத்தில் சான்றாகவும் நிற்கும்.

குரும்பையைக் காணாத குழந்தைக்குக் குரும்பை என்னும் சொல் வெற்றொலியே. அகரமுதலியில் மட்டும் வாழும் சொல் பாதி இறந்த சொல். மொழியைக் காப்பேன் என்று சூளுரைப்பவன், அம்மொழி முளைத்த மண்ணையும் அதனை நனைத்த ஆற்றையும் காத்தல் வேண்டும். பாலாற்றுத் தமிழர் இதனை உணர்க. உணர்ந்து மண்வெட்டியும் எழுதுகோலும் ஒருங்கே ஏந்துக!