தூரம் ஒன்று, நேரம் வேறு

இரண்டு நகரங்களுக்கு இடையே உள்ள தூரம் தெரிந்தால் பயண நேரத்தை எளிதில் கணக்கிட்டுவிடலாம் என்று நாம் நினைக்கிறோம். கணிதப் பாடத்தில் தூரத்தை வேகத்தால் வகுத்தால் விடை கிடைத்துவிடும். ஆனால், வான்வழிப் பயணத்திற்கு அந்தக் கணக்கு மட்டும் போதாது. விமானம் எத்தனை மணி நேரம் பறக்க வேண்டும் என்பதை நாடுகளுக்கு இடையிலான உறவும் முடிவு செய்கிறது என்பதே என் கருத்து.

பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியையும் ஜப்பானின் தலைநகரான தோக்கியோவையும் எடுத்துக்கொள்வோம். இவற்றுக்கு இடையே உள்ள நேர்த்தூரம் ஏறக்குறைய 7,800 கிலோமீட்டர். நேர்வழியில் பெரும்பகுதி ரஷ்யாவின்மேல் செல்கிறது. பின்லாந்தின் ஃபின்ஏர் விமானங்கள் அவ்வழியாகப் பறந்து, ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரத்தில் தோக்கியோவை அடைந்து வந்தன.

2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. ரஷ்யாவும் பதிலுக்கு அவ்வாறே செய்தது. மார்ச் மாதம் தோக்கியோ சேவை மீண்டும் தொடங்கியபோது, விமானங்கள் வடதுருவத்தைச் சுற்றிச் செல்ல வேண்டியிருந்தது. பயண நேரம் ஏறத்தாழ 13 மணி நேரமாக உயர்ந்தது. இரு நகரங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன; நேரம் மட்டும் கூடிவிட்டது.

இந்தச் சுற்றுவழி புதியதன்று. பனிப்போர்க் காலத்தில் சோவியத் வான்வெளி எல்லா விமானங்களுக்கும் திறந்திருக்கவில்லை. ஜப்பானுக்குச் சென்ற பல ஐரோப்பிய விமானங்கள் அலாஸ்காவில் உள்ள ஆங்கரேஜ் நகரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டன. 1983இல் ஃபின்ஏர் வடதுருவம் வழியாக இடையில் நிற்காமல் தோக்கியோவுக்குப் பறந்தது. அதன்பின் விமானத் தொழில்நுட்பம் வெகுவாக வளர்ந்தது. எனினும், ஒரு போர் மூண்டதும் விமானங்கள் பழைய வழிக்கே திரும்பின.

வடதுருவத்தின்மேல் பறப்பது இனிய அனுபவம்தானே என்று சிலர் கேட்கலாம். பயணிகளுக்கு அதற்கென நினைவுச் சான்றிதழும் வழங்கப்பட்டது உண்மைதான். ஆனால், கூடுதலாகப் பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் எரிபொருள் செலவாகிறது. காற்றில் கரியமிலவாயு கூடுகிறது. அந்தச் சுமையைப் பயணிகளும் சுற்றுச்சூழலும் தாங்க வேண்டியுள்ளது.

அப்படியானால், ஆபத்தைப் பொருட்படுத்தாமல் நேர்வழியில் பறக்கலாமா? கூடாது. 2014ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள், ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த எம்எச்17 விமானம், சண்டை நடந்த கிழக்கு உக்ரேனுக்கு மேலே சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 298 பேரும் உயிரிழந்தனர். உயிரைக் காக்க மூன்றரை மணி நேரம் கூடுதலாகப் பறப்பது வீணன்று.

ஆகவே, வேகமான விமானங்களை உருவாக்கினால் மட்டுமே உலகம் சுருங்கிவிடும் என்று எண்ணுவது சரியன்று. பொறியாளர்கள் பல ஆண்டுகள் உழைத்து மிச்சப்படுத்திய நேரத்தைப் போர் ஒரே வாரத்தில் பறித்துவிடக்கூடும். நாடுகள் இணக்கமாக வாழ்ந்தால்தான் வான்வழிகள் திறந்திருக்கும். தொலைவில் உள்ள நகரங்களை நெருங்கி வரச் செய்வதில் அறிவியலுக்கு உள்ள பங்கு அமைதிக்கும் உண்டு.