ஊழித்தரகர்

உழவு ஒரு தொழில். நெசவு ஒரு தொழில். வாணிகமும் ஒரு தொழில். இவற்றிற்கெல்லாம் முதல் வேண்டும், உழைப்பும் வேண்டும். இவ்விரண்டும் மிகுதியாக வேண்டாத தொழில் ஒன்றும் உலகில் உண்டு. "உலகம் அழியப் போகிறது" என்று மக்களை அச்சுறுத்திப் பொருள் ஈட்டுவதே அத்தொழில். உழுபவனுக்குப் பெயர் உண்டு. நெய்பவனுக்குப் பெயர் உண்டு. இத்தொழில் செய்வார்க்கோ தனிப்பெயர் இல்லை. ஆதலால் அவர்கள் 'ஞானி' என்றும், 'வருவது உரைப்பவர்' என்றும் பிறருக்குரிய பெயர்களைப் போர்த்துக்கொண்டு உலவுகின்றனர். அவர்களுக்கு ஏற்ற பெயரை நாமே படைத்தால் என்ன?

நகைச்சுவையோடு பெயரிடுதல் தமிழர்க்குப் புதிதன்று. வேலையின்றி அலைபவனை 'ஊர்சுற்றி' என்கிறோம். அளவின்றி உண்பவனைச் 'சோற்றுத்துருத்தி' என்கிறோம். சிறு சொல்லுக்கும் முகம் வாடுபவரைத் 'தொட்டாற்சுருங்கி' என்கிறோம். நீண்ட கண்டனவுரை செய்ய இயலாத பணியை இத்தகைய ஒரு சொல் செய்துவிடுகின்றது. அச்சுறுத்துபவனைச் சினந்து பேசினால் அவன் பெரியவனாகத் தோன்றுகிறான். அவனைக் கண்டு நகைத்தாலோ, கேட்பவர் நெஞ்சில் இருந்த நடுக்கம் நீங்குகிறது.

1806ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு லீட்சு நகரில் ஒரு கோழி பெரும்புகழ் பெற்றது. அது இட்ட முட்டைகளில், இயேசு பெருமான் வரும் நாள் நெருங்கிவிட்டது என்னும் பொருளுடைய எழுத்துகள் காணப்பட்டன. இறுதி நாள் வந்துவிட்டதென்று அஞ்சிய மக்கள் திரண்டு வந்தனர். கோழிக்கு உரியவளான மேரி பேட்மன் என்பவள் பார்க்க வந்தோரிடம் ஆளுக்கு ஒரு பென்னி வாங்கினாள். பின்னர் உண்மை வெளிப்பட்டது. முட்டையில் முன்னரே எழுதி, அதனை மீண்டும் கோழியின் உடலுக்குள் செலுத்தி வைத்தனராம்! வாயற்ற அவ்வுயிர் பட்ட துன்பத்தை என்னென்பது! இவ்வாறு உலக முடிவிற்கும் மக்களுக்கும் இடையே நின்று கூலி பெறுவோரை 'ஊழித்தரகர்' என்று அழைக்கலாம்.

1910ஆம் ஆண்டில் ஆலி வால்வெள்ளி வானில் தோன்றியது. அதன் வாலில் நச்சுவளி ஒன்று இருப்பதை அறிஞர்கள் கண்டறிந்திருந்தனர். மே திங்களில் புவி அவ்வாலினூடே செல்லும் என்ற செய்தியும் பரவியது. வால் மிக மிக மென்மையானது. அதனால் தீங்கு நேராது என்று வானியலார் எடுத்துரைத்தனர். ஆயினும் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அன்றோ? அமெரிக்காவில் சிலர் சாவித் துளைகளையும் அடைத்துக்கொண்டு வீட்டினுள் இருந்தனர். 'வால்வெள்ளி மாத்திரை' என்ற பெயரில் மாத்திரைகளும் விலைபோயின. குறித்த நாள் கடந்தது. எவருக்கும் எத்தீங்கும் நேரவில்லை. மாட்டின் மேல் ஒட்டிக்கொண்டு அதன் குருதியைக் குடித்துக் கொழுப்பது உண்ணி. மக்களின் அச்சத்தைக் குடித்துக் கொழுப்பவன் 'அச்சவுண்ணி'.

மற்றொரு வகையினரும் உளர். அமெரிக்காவில் வானொலிச் சமயப் பேச்சாளர் ஒருவர் 1994ஆம் ஆண்டில் இறுதி நாள் வரக்கூடும் என்றார், வரவில்லை. பின்னர் 2011 மே 21 என்றார், அதுவும் பொய்த்தது. அதன்பின் அக்டோபர் 21 என்றார். அவர் சொல்லை நம்பித் தம் சேமிப்பையெல்லாம் விளம்பரத்திற்குச் செலவிட்டோரும் இருந்தனர். 2012இல் அவர் தம் பிழையை ஒப்புக்கொண்டார். பிழையை உணர்வது நன்றே. எனினும் செலவிட்ட பொருள் திரும்பவில்லை. நாள் பொய்க்குந்தோறும் மறுநாள் குறிப்பவரை 'நாள்தள்ளி' எனலாம். 'ஊர்சுற்றி' போன்றதே இச்சொல்லும்.

மாணவர்களே! இச்சொற்களைக் கேட்டு நகைத்தீர்கள். ஆனால் சொல்லும் ஒரு படைக்கலமே. அதனைக் கண்மூடி எறிதல் ஆகாது. தீங்கு வருமுன் எச்சரிப்போர் எல்லாரும் ஊழித்தரகர் ஆகார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கடற்கரையில் ஆயிரக்கணக்கானோரை வாரிச் சென்றது. முன்னறிவிக்க அன்று நம்மிடம் நிலையம் இல்லை. 2007ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் அத்தகைய நிலையம் அமைந்தது. 2012 ஏப்ரல் 11ஆம் நாள் சுமத்திராவை அடுத்த கடலில் பெருநிலநடுக்கம் நேர்ந்தபொழுது, தமிழகக் கரைக்கும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. பேரலை வாராது எனத் தெளிந்ததும் அந்நிலையமே எச்சரிக்கையை விலக்கிக்கொண்டது. அன்று கரையை விட்டு அகன்றவர்களைப் பார்த்து, "ஏமாந்தீர்கள்" என்று நகைப்பது தகுமா? அவ்வாறு நகைத்துப் பழகிய ஊர், மெய்யாகவே அலை வரும் நாளில் கரையிலேயே நின்றுவிடும்.

அப்படியாயின் உண்மை எச்சரிக்கையாளரையும் ஊழித்தரகரையும் பிரித்தறிவது எவ்வாறு? மூன்று வினாக்கள் போதும். அவர் கூறுவதற்குச் சான்று காட்டுகிறாரா? தம் கூற்று தவறெனத் தெரிந்தால் அதனை வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறாரா? நம்மைக் காத்துக்கொள்ளும் வழியைக் கூறுகிறாரா, அன்றி அவ்வழிக்கு விலை கூறுகிறாரா?

இவ்வினாக்களைக் கேட்ட பின்னரே பெயர் சூட்டுங்கள். சூட்டும் பெயரும் அச்சத்தை விற்பவனுக்கே உரியதாகுக. அதனை வாங்கி ஏமாந்தவனுக்கு அன்று. அவன் நம் அண்டை வீட்டுக்காரன். அவனுக்கு வேண்டுவது நம் நகைப்பு அன்று, நம் துணையே.