மாசிப் புல்லுக்குத் தீ வைக்கலாமா?

இந்த இதழில் ஒரே ஒரு கடிதத்துக்குத்தான் பதில். மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.

கேள்வி: ஐயா, தாம்பரத்துக்கு மேற்கே மணிமங்கலம் பக்கம் எனக்கு 2 ஏக்கர் நிலமும் 3 மாடுகளும் இருக்கின்றன. வரப்பை ஒட்டி பிளாட் போட்டு விற்ற நிலம் வருடக்கணக்காகச் சும்மா கிடக்கிறது. மழை முடிந்தால் புல் இடுப்பு உயரம், மாசியில் சருகாகிவிடும். போன வருடம் யாரோ வைத்த தீ என் வைக்கோல் போருக்குப் பத்தடி வரை வந்து நின்றது. இந்த வருடம் நாங்களே ஒரு நாள் பார்த்துக் கொளுத்திவிட்டால் பயம் போகும், மாட்டுக்குப் புதுப்புல்லும் கிடைக்கும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம் நண்பரே. உங்கள் பயம் நியாயமானது, வழிதான் தவறு.

புல்லை நாம் லேசாக நினைக்கிறோம். கட்டை எரியப் பிடிக்க நேரமாகும். காய்ந்த புல் அப்படியல்ல. காலைப் பனியில் நனைந்திருந்தாலும், வெயில் ஏறி ஒரு மணி நேரத்தில் மொறுமொறுவென்று ஆகிவிடும். அதில் பிடிக்கும் தீ காற்றோடு ஓடும். ஆள் ஓடித் தப்ப முடியாது. மேட்டில் இன்னும் மோசம். சரிவு 10 டிகிரி கூடினால் மேல்நோக்கிப் போகும் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பில் இருப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு.

2018 மார்ச் 11-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். தேனி மாவட்டம் போடி பக்கம் குரங்கணி. மலையேறப் போன குழு கொழுக்குமலையில் தங்கிவிட்டு மறுநாள் இறங்கி வந்துகொண்டிருந்தது. நம் சென்னையிலிருந்து போன பிள்ளைகள் நிறையப் பேர், ஈரோடு பக்கத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். காய்ந்த புல் நின்ற சரிவில் தீ அவர்களைச் சூழ்ந்தது. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் பள்ளத்தில் விழுந்தவர்களும் உண்டு. அங்கேயும் பிறகு மருத்துவமனைகளிலுமாக 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. அங்கே எரிந்தது பெரும்பாலும் நம் வரப்பில் நிற்பது போன்ற புல்தான்.

நம் ஊர் சமதரைதானே என்பீர்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் வடமுனையும் சமதரைப் புல்வெளிதான், மாடு வளர்க்கும் பூமி. 2024 பிப்ரவரி கடைசியில் அங்கே பிடித்த தீ 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. ஆயிரக்கணக்கான மாடுகள் செத்தன. பிழைத்த மாட்டுக்கு வேலியும் இல்லை, தீவனமும் இல்லை. உளுத்துப்போன மின்கம்பம் ஒன்று முறிந்ததுதான் ஆரம்பம். உங்கள் வைக்கோல் போருக்கு மேலே கம்பி போகிறதா என்று முதலில் நிமிர்ந்து பாருங்கள்.

நம் பக்கம் காற்றின் குணம் வேறு. கோடையில் காலை நேரத்தில் நிலத்திலிருந்து அடிக்கும் காற்று, மதியத்துக்கு மேல் கடற்காற்றாகத் திரும்பும். காலையில் பாதுகாப்பாக வைத்த தீ மதியம் எதிர்ப்பக்கம் திரும்பி உங்களைத் தேடி வரும். புகை வெளிவட்டச் சாலையை மறைத்தால் வண்டிகள் மோதும். வண்டலூர், நன்மங்கலம் காப்புக்காடுகளை ஒட்டி இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: காப்புக்காட்டுக்குத் தீ பரவினால் அது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம்.

புதுப்புல் கதை பாதி உண்மை. எரிந்த இடத்தில் ஈரம் கிடைத்தால் பசுந்தளிர் வரும், மாடு ஆசையாக மேயும். ஆனால் வருடா வருடம் எரித்தால் மாடு விரும்பும் புல் குறைந்து, முரட்டுப் புல்லும் முள்ளும் மிஞ்சும். சாம்பலும் மேல்மண்ணும் முதல் கோடை மழையில் அடித்துப் போகும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், குருத்துப்பூச்சிக்குப் பயந்து நெல் தாளைக் கொளுத்தச் சொன்னவர்களில் நானும் ஒருவன். ஒரு டன் வைக்கோலில் 5.5 கிலோ தழைச்சத்தும் 25 கிலோ சாம்பல் சத்தும் இருக்கின்றன. எரித்தால் தழைச்சத்து கிட்டத்தட்ட முழுதும் புகையாகப் போய்விடும். இப்போது தாளை மடக்கி உழச் சொல்கிறேன்.

சரி, என்ன செய்வது? புல் பாதிப் பச்சையாக இருக்கும் இந்தத் தை மாதத்திலேயே அறுங்கள். பிளாட் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் நகரத்தில் இருப்பார்கள். காவல்காரர் அல்லது ஊராட்சி மூலம் சொல்லிவிட்டு, மாடு வைத்திருக்கும் நாலு வீடு சேர்ந்து அறுத்தால் அவர்களுக்கும் லாபம். நிழலில் உலர்த்திக் கட்டிவைத்தால் சித்திரையில் தீவனம். முற்றிய புல்லையும் வைக்கோலையும் தரம் ஏற்றலாம்: 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைக்க வேண்டும். பிரித்த பிறகு சிறிது நேரம் ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். கரைசல் மிச்சமிருந்தால் மாடு வாய் வைக்காத இடத்தில் கொட்டுங்கள், விஷம். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு இந்தத் தீவனம் கூடாது.

எல்லையில் 15 அடி அகலத்துக்கு ரோட்டவேட்டர் ஓட்டி வெறும் மண்ணாக வையுங்கள். வனத்துறை கோடைக்கு முன் காட்டில் தீத்தடுப்புக் கோடு எடுப்பதும் இதற்குத்தான். அதில் சருகு சேர்ந்தால் மறுபடி ஒரு ஓட்டு. போரை வீட்டிலிருந்தும் கொட்டகையிலிருந்தும் தள்ளிப் போடுங்கள். ஒரே பெரிய போராக இல்லாமல் இரண்டாகப் பிரித்தால் ஒன்றாவது மிஞ்சும். பக்கத்தில் ஒரு டிரம் தண்ணீரும் நனைத்த சாக்கும் இருக்கட்டும்.

மீறித் தீ வந்துவிட்டால் முதல் வேலை மாட்டை அவிழ்ப்பது. கட்டிப்போட்ட மாடுதான் சாகும். 101-க்கோ 112-க்கோ போன் செய்யுங்கள். சின்னத் தீ என்றால் பக்கவாட்டில் நின்று பச்சை வேப்பங்கொத்தால் அடித்து அணைக்கலாம். தீ போகும் திசையில் முன்னே நிற்கவே கூடாது. தீயின் உயரம் இடுப்பைத் தாண்டினால் விட்டுவிட்டு, எரிந்து முடிந்த கரிநிலத்துக்குப் போய்விடுங்கள். அங்கே மறுபடி எரிய ஒன்றும் இருக்காது.

மாசி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. பத்தடியில் நிற்கும் அந்தப் போரை இந்த வாரமே நகர்த்திவிடுங்கள்.