கை எங்கே முடிகிறது?

ஆங்கிலத்தில் 'ஹேண்ட்' என்னும் சொல் மணிக்கட்டோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே இருப்பது 'ஆர்ம்'. தமிழில் விரல்நுனி தொடங்கித் தோள் வரைக்கும் கைதான். மராத்தியின் 'ஹாத்' என்ற சொல்லும் அன்றாட வழக்கில் அவ்வாறே முழுக்கையையும் குறிக்கும். மொழியியல் வகுப்பின் முதல் மாதத்திலேயே சொல்லித்தரப்படும் எளிய எடுத்துக்காட்டு இது. ஆனால் ஒரு விளையாட்டில் இந்த வேறுபாடு வெறும் எடுத்துக்காட்டாக நின்றுவிடுவதில்லை. போட்டியாளர் ஒருவர் களத்தில் நீடிப்பாரா, தகுதியிழந்து வெளியேறுவாரா என்பதையே அது தீர்மானிக்கக்கூடும்.

அந்த விளையாட்டு, துப்பாக்கி சுடுதல். பன்னாட்டுத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப்.பின் கருவி விதிகளில், பத்து மீட்டர், இருபத்தைந்து மீட்டர் பிஸ்டல்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. கைப்பிடியோ பிஸ்டலின் வேறெந்தப் பகுதியோ 'ஹேண்ட்' என்பதைத் தாண்டி உடலைத் தொடக்கூடாது; சுடும் நிலையில் மணிக்கட்டு வெளிப்படையாகக் கட்டற்றிருக்க வேண்டும். சுடும் கையில் கடிகாரமும் வளையலும் கூடாது. 'கையைத் தாண்டித் தொடக்கூடாது' என்று இதனை அப்படியே தமிழாக்கினால் விதியின் உயிர் போய்விடும். தோள் வரை கை என்றால் எதைத் தாண்டுவது? 'மணிக்கட்டைத் தொடக்கூடாது' என்று எழுதினால்தான் அது விதியாகும்.

இச்சிறு சிக்கலிலிருந்து ஒரு பெரிய கேள்வி எழுகிறது: போட்டிப் பிஸ்டலைத் தன் கைக்கேற்ப மாற்றியமைப்பது நேர்மையா, ஏமாற்றா? விதிநூலைப் படித்தவர்கள் இக்கேள்வியை எழுப்புவதில்லை. படிக்கும் வாய்ப்பும் மொழியும் கிட்டாதவர்களோ இதற்குத் தவறான விடையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஹிஞ்சேவாடியின் மென்பொருள் நிறுவனங்களுக்கு அருகிலேயே, பாலேவாடியில் ஸ்ரீ சிவ் சத்ரபதி விளையாட்டு வளாகம் உள்ளது. 1994ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டுகளுக்காக எழுப்பப்பட்ட வளாகம் அது. 2008இல் காமன்வெல்த் இளையோர் விளையாட்டுகளும் அங்கே நடந்தன. பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஆகஸ்ட் 1 அன்று ஐம்பது மீட்டர் ரைஃபிள் மூன்றுநிலைப் பிரிவில் வெண்கலம் வென்ற கோலாப்பூர் மாவட்டத்து ஸ்வப்னில் குசாலே பயின்றது அங்கேதான். இன்று அவ்வட்டாரத்தில் துப்பாக்கி சுடுதல் பயிலும் பிள்ளைகள் பலவகைப்பட்டவர்கள். கரும்பு விளையும் மேற்கு மகாராஷ்டிரக் கிராமங்களிலிருந்து வருவோர் உண்டு, ஐ.டி. வேலைக்காகக் குடியேறிய தமிழ், தெலுங்குக் குடும்பங்களின் பிள்ளைகளும் உண்டு. லட்ச ரூபாயைத் தாண்டும் இறக்குமதிப் பிஸ்டலை வாங்கித் தரும் பெற்றோருக்கு, அதன் கைப்பிடியில் அரம் படுவதைக் காண நெஞ்சு பதறுவது இயல்பே. 'கம்பெனி கொடுத்தபடியே இருக்கட்டும், மாற்றினால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள்' என்ற அச்சம் அந்தப் பதற்றத்துக்கு நியாயம் கற்பித்துவிடுகிறது.

இதற்கு நேரெதிரான இன்னொரு மயக்கம் 2024 ஜூலை 30க்குப் பின்னர் பரவியது. கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வென்ற துருக்கியின் யூசுப் டிகெச், ஒரு கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, சாதாரணக் கண்ணாடியோடு நின்று சுட்ட படம் உலகெங்கும் சுற்றியது. 'கருவியெல்லாம் வேஷம், திறமை இருந்தால் போதும்' என்பது அப்படத்தின் பொருளாகிப்போனது. படம் பார்த்தோர் கவனிக்காத ஒன்று உண்டு. அவர் துறந்தது கண்மறைப்பையும் சிறப்பு வில்லைகளையும் மட்டுமே. அவர் கையில் இருந்தது முழுமையான போட்டிப் பிஸ்டல். முகத்தில் மாட்டும் கருவி இன்றிச் சுடலாம். கைக்குப் பொருந்தாத பிடியை வைத்துக்கொண்டு ஒலிம்பிக் மேடையில் நிற்பது அரிது.

விதி உண்மையில் என்ன சொல்கிறது? பத்து மீட்டர் ஏர் பிஸ்டலின் எடை 1500 கிராமைத் தாண்டக்கூடாது. விசையை இழுக்கத் தேவைப்படும் எடை 500 கிராமுக்குக் குறையக்கூடாது. முழுப் பிஸ்டலும் 420 மில்லிமீட்டர் நீளம், 200 மில்லிமீட்டர் உயரம், 50 மில்லிமீட்டர் அகலம் கொண்ட பெட்டிக்குள் அடங்க வேண்டும். தொலைநோக்கி, ஒளிப்புள்ளி, கண்ணாடி போன்றவை இல்லாத திறந்த குறிமுனைகளே ஏற்கப்படும். உள்ளங்கையின் அடியைத் தாங்கும் பலகை, பிடியிலிருந்து தொண்ணூறு பாகைக்குக் குறையாத கோணத்தில் நீள வேண்டும். அது மேல்நோக்கி வளைந்து கையைச் சூழக்கூடாது. கட்டைவிரல் தடையின்றி மேலே எழும்ப இடமிருக்க வேண்டும். இருபத்தைந்து மீட்டர் பிஸ்டலுக்கு எடை 1400 கிராம், விசை 1000 கிராம், பெட்டி 300 × 150 × 50 மில்லிமீட்டர்.

இவற்றுள் ஒன்றுகூட 'பிடியைச் செதுக்காதே' என்று சொல்லவில்லை. எல்லைகளுக்குள் பிடியைக் கைக்கேற்ப அமைத்துக்கொள்ள வெளிப்படையாகவே இடம் தரப்பட்டுள்ளது. இலக்கணம் எந்த வாக்கியத்தைப் பேச வேண்டும் என்று கட்டளையிடுவதில்லை. எது வாக்கியமாகாது என்று மட்டுமே வரையறுக்கிறது. கருவி விதிகளும் அத்தகையவை. பெட்டிக்கு வெளியே எல்லாம் விலக்கு. பெட்டிக்கு உள்ளே ஒவ்வொரு கைக்கும் அதனதன் வடிவம்.

பிடியின் பொருத்தம் ஏன் இத்தனை முக்கியம் என்பதை எளிய கணக்கால் காட்டலாம். பத்து மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். பிஸ்டலின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலுள்ள தொலைவு 350 மில்லிமீட்டர் என்று கொள்வோம். முன்குறி 0.3 மில்லிமீட்டர் விலகினால், குண்டு இலக்கில் ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர் விலகும். 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டின் விளிம்புகூட அப்போது பத்தின் வளையத்தைத் தொடாது. மூன்று நான்கு தாள்களின் தடிமனளவு பிழைக்கு ஒரு புள்ளி போகிறது. விசையை இழுக்கும்போது உள்ளங்கையின் ஒரு மூலையில் வெற்றிடம் இருந்தால், பிடி அந்த வெற்றிடத்தை நோக்கி நகரும். அறுபது குண்டுகளில் ஒவ்வொரு முறையும் வேறுவிதமாக நகரும். அவ்வெற்றிடத்தை மரப்புட்டியால் நிரப்பி, அரத்தால் தேய்த்து, உப்புத்தாளால் மெருகிடுவதுதான் 'மாற்றியமைத்தல்' என்னும் பெரும்பெயரால் அழைக்கப்படும் வேலையின் பெரும்பகுதி.

அப்படியானால் எல்லை ஏன் மணிக்கட்டில் இடப்பட்டது? பிஸ்டல் சுடுதலின் சாரம் இதுதான்: தாங்கலின்றி நீட்டிய ஒற்றைக் கையின் முனையில், அசையும் மூட்டொன்றை மனத்தாலும் தசையாலும் அசைவற்று நிறுத்துவது. பிடி மணிக்கட்டைத் தாண்டி நீண்டால் அம்மூட்டைப் பிடியே பூட்டிவிடும். வீரர் செய்ய வேண்டியதை மரக்கட்டை செய்யும். உள்ளங்கைக்குள் பொருந்துவது வீரரின் திறனைச் சிதறாமல் கருவிக்குக் கடத்துகிறது. மணிக்கட்டைக் கட்டுவது அத்திறனையே தேவையற்றதாக்குகிறது. முன்னது பொருத்தம், பின்னது முட்டு. நேர்மைக்கும் ஏமாற்றுக்கும் இடையிலான கோடு மாற்றினாயா, மாற்றவில்லையா என்பதில் கிடையாது. பொருத்தமா, முட்டா என்பதில் இருக்கிறது.

இக்கோடு காலந்தோறும் நகர்ந்திருக்கிறது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் வரை, இருபத்தைந்து மீட்டர் அதிவேகப் பிஸ்டல் பிரிவில் குறைந்த பின்னுதைப்புள்ள 'பாயிண்ட் டூ டூ ஷார்ட்' தோட்டாக்களும், மிக இலகுவான விசைகளும், கையைச் சூழும் பிடிகளும் வழக்கிலிருந்தன. 2005 முதல் அவை விலக்கப்பட்டன. மற்ற இருபத்தைந்து மீட்டர் போட்டிகளுக்குரிய பிஸ்டலே அதற்கும் உரியதாயிற்று. புதிய விதியின்கீழ் அமைந்த அப்பிரிவில்தான் 2012இல் லண்டனில் விஜய்குமார் இந்தியாவுக்கு வெள்ளி வென்றார். கருவி கூடுதலாகச் செய்யத் தொடங்கியபோது விதி அதைத் தடுத்தது. பொருத்தத்தை அப்போதும் தடுக்கவில்லை.

ஒரு மறுப்பு இங்கே எழும், அது புறந்தள்ளத்தக்கதன்று. 'மாற்றங்களை அனுமதிப்பது வசதி படைத்தோர்க்கே ஆதாயம். எல்லோருக்கும் ஒரேமாதிரிப் பிஸ்டலைக் கொடுத்தால் சமத்துவம் வந்துவிடுமே' என்பது அது. விலை வேறுபாடு உண்மைதான். ஆயினும் ஒரே பிஸ்டல் எல்லாக் கைகளுக்கும் ஒன்றாக இராது. ஆலையில் வார்க்கப்படும் பிடி சில அளவுகளில் மட்டுமே வருகிறது. அந்த அச்சுக்கு நெருங்கிய கையுடையவர் எதுவும் செய்யாமலே பயன்பெறுவார். பதினான்கு வயதுச் சிறுமியின் சிறிய கையோ விசையை எட்டவே திணறும். மாற்றத்தைத் தடைசெய்தால் ஏற்றத்தாழ்வு மறையாது. அது அச்சு வார்த்தவரின் கைக்குப் போய்ச்சேரும். மேலும், பிஸ்டலில் செய்யக்கூடிய மாற்றங்களிலேயே மலிவானது பிடியைச் செதுக்குவதுதான். அதற்குத் தேவைப்படுவது அரமும் புட்டியும் அறிவும். இவற்றுள் நம்மிடம் அரிதாயிருப்பது மூன்றாவது.

அவ்வறிவின் மதிப்பை 2021 ஜூலை 25 உணர்த்தியது. டோக்கியோவில் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச்சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதுற்றது. அதைச் சரிசெய்துகொண்டு திரும்பியபோது, எஞ்சிய 44 குண்டுகளை நாற்பது நிமிடங்களுக்கும் குறைவான நேரத்தில் சுட வேண்டியிருந்தது. 575 புள்ளிகளோடு பன்னிரண்டாம் இடம். இறுதிச்சுற்று இரண்டு புள்ளிகளில் தவறிப்போனது. 'மாற்றுப் பிஸ்டல் ஒன்றை எடுத்துச் சுட்டிருக்கலாமே' என்று அப்போது பலர் கேட்டனர். கைக்கும் கண்ணுக்கும் பொருத்தப்பட்ட பிஸ்டலுக்கு மாற்று, கடையில் கிடைக்கும் அதே மாதிரியான இன்னொன்று ஆகாது. பிடி, விசை, குறிமுனை மூன்றும் ஒத்திருந்தால்தான் அது மாற்று. மூன்றாண்டுகளுக்குப் பின் பாரிஸில் அவரே இரண்டு வெண்கலங்கள் வென்றார். நாடு அந்தப் பதக்கங்களை எண்ணியது. டோக்கியோவின் அந்த நிமிடங்கள் கற்பித்த பாடத்தை எண்ணவில்லை.

பாடம் என்னவென்றால், துப்பாக்கியைப் பொருத்தவும் பழுதுபார்க்கவும் தெரிந்த ஆர்மரர், பயிற்சியாளருக்கு அடுத்த நிலையில் இருக்க வேண்டியவர். இந்தியா பிஸ்டல்களை வாங்குகிறது, பயிற்சியாளர்களை அமர்த்துகிறது. ஆர்மரர்களை வளர்ப்பதில் அந்த ஊக்கத்தைக் காட்டுவதில்லை. புனேயைச் சுற்றி நுண்ணிய உலோக வேலை தெரிந்த தொழிலாளர்களுக்குப் பஞ்சமில்லை. பிம்ப்ரி–சிஞ்ச்வட் பட்டறைகளில் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கை அன்றாடம் அளப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பாலேவாடிக்கும் இடையே ஒரு படிப்பு இல்லை என்பதே குறை.

இரண்டாவது தேவை, அளவுகோல். போட்டி முடிந்தபின் விசை எடையைச் சோதிக்கும்போது மூன்று முயற்சிகளே தரப்படும்; 500 கிராம் எடையை விசை தூக்காவிட்டால் தகுதியிழப்புதான். சுருள்வில் சற்றுத் தளர்ந்துபோனதற்கும் வேண்டுமென்றே ஏமாற்றியதற்கும் தண்டனை ஒன்றே. ஆகவே ஒவ்வொரு பயிற்சிக்கூடத்திலும், ஒவ்வொரு மாவட்டப் போட்டியிலும் சோதனை எடையும் அளவுப் பெட்டியும் இருந்தாக வேண்டும். தேசியப் போட்டியில்தான் ஒரு பிள்ளை முதன்முதலாக அந்தப் பெட்டியைக் காண்கிறது என்றால், பிழை பிள்ளையுடையதன்று.

சுதந்திரத்துக்கும் வரம்பு உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருபத்தைந்து மீட்டர் பிஸ்டல் இந்தியச் சட்டத்தின் பார்வையில் உரிமம் தேவைப்படும் துப்பாக்கி. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, அதற்கான உரிமமின்றிக் குழலைக் குறுக்குவதையும் ஒருவகைத் துப்பாக்கியை வேறுவகையாக மாற்றுவதையும் தடுக்கிறது. மரப்பிடியில் அரம் படலாம், குழலில் படக்கூடாது. விசைப்பொறியைத் திறப்பது பயின்றவரின் வேலை; காணொளி பார்த்துச் செய்வதன்று.

மூன்றாவது தேவை, மொழி. கருவி விதிகள் மராத்தியிலும் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் வர வேண்டும். படங்களோடும், சரியான சொற்களோடும் வர வேண்டும். 'ஹேண்ட்' என்பதைக் 'கை' என்று எழுதிவிட்டு நகரும் மொழிபெயர்ப்பு, விதியை மொழிபெயர்த்ததாகாது, அதை மறைத்ததாகும். மணிக்கட்டு, உள்ளங்கை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள பிளவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் நம் மொழிகளில் தெளிவான சொல்லோ தொடரோ உண்டு. அவற்றை விதிக்குள் கொண்டுவருவது மொழியறிஞரும் ஆர்மரரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்ய வேண்டிய வேலை.

ஆங்கிலம் சரளமாக வாசிக்கும் வீட்டுப் பிள்ளை இன்று தன் பிஸ்டலைத் துணிந்து செதுக்கிக்கொள்கிறது; வாசிக்காத வீட்டுப் பிள்ளை அஞ்சி நிற்கிறது, அல்லது அறியாமல் எல்லையை மீறுகிறது. அவ்விருவருக்கும் நடுவே நிற்பது திறமையின் வேறுபாடன்று. ஒரு விதிநூலின் மொழி. அந்த வேறுபாட்டைப் போக்கும் செலவு, ஓர் இறக்குமதிப் பிஸ்டலின் விலையைவிட அதிகமாயிராது.